வயல் வாடிகளில் விட்டுவரும் வாகனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்பு முடிந்து வாடைமழை பிடித்துக்கொண்டால், திருகோணமலை மாவட்டத்தின் உட்புற வயற்பாதைகளில் பல, அறுவடைக் காலம் வரைக்கும் வாகனம் ஓட முடியாத சேறாகிவிடும். வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவில, மொறவெவ, கோமரங்கடவல, குச்சவெளி ஆகிய பகுதிகளில் காட்டோரமாக மானாவாரிக் காணியும் மாட்டுப்பட்டியும் வைத்திருப்போர், உழவுக்குக் கொண்டுபோன லேண்ட்மாஸ்டர் எனப்படும் இரு சில்லு உழவு இயந்திரத்தையும் நான்கு சில்லு உழவு இயந்திரத்தையும், பசளையும் விதைநெல்லும் ஏற்றிப்போன பழைய ஜீப்பையும் அங்கேயே வாடியில், அதாவது வயற்காவலுக்குத் தங்கும் கொட்டிலடியில், நிறுத்திவிட்டு ஊர் திரும்புவது நெடுநாளைய வழக்கம். மாசி, பங்குனியில் போய்ப் பார்க்கும்போது பற்றரி செத்து, வயர்களை எலி அரித்து, கிளச் ஒட்டிப்போய்க் கிடக்கும் வாகனங்கள்தான் பிறகு என்னைப் போன்ற திருத்துநர்களின் பட்டறைக்கு இழுத்து வரப்படுகின்றன. சில வாகனங்கள் வருவதேயில்லை; அவை காணாமற் போயிருக்கும். அத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அடுத்த மழைக்கு முன்னர் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

என் அபிப்பிராயத்தில் இந்த இழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான். ஆளில்லாத இடத்தில் விடப்படும் வாகனம், எந்த நேரமும் புறப்படக்கூடிய நிலையில் விடப்படுகிறது. திறப்பு கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகப்பட்டிருக்கும். தாங்கியில் டீசல் இருக்கும். பற்றரி பூட்டியபடியே இருக்கும். காவலுக்கு இருப்பவரைப் பாம்பு தீண்டினால், யானை அடித்தால், ஏற்றிக்கொண்டு ஓட ஒரு வாகனம் வேண்டாமா என்று கேட்பார்கள். வாடியில் ஆள் தங்கியிருக்கும் காலத்துக்கு அது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆனால் மழை இறங்கியபின் காவற்காரரும் ஊருக்கு வந்துவிடுகிறார் என்பதையும், வந்திராவிட்டாலும் இடுப்பளவு தண்ணீர் ஓடும் பாதையில் அந்த ஜீப் ஒருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் இருக்கும் வரை வாகனம் தயாராக இருக்கட்டும். கடைசி ஆள் வாடியைவிட்டுப் புறப்படும் நாளில், வேறெவராலும் அதை அசைக்க முடியாதபடி செய்துவிட்டே புறப்பட வேண்டும்.

இது களவுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. காட்டோரத்தில் ஓடும் நிலையில் நிற்கும் வாகனத்தை முழுதாகக் கொண்டுபோகிறவர்களைவிட, ஓர் இரவுக்கு எடுத்துப் பாவித்துவிட்டுப் பழைய இடத்திலேயே நிறுத்துகிறவர்கள் கூடுதலாக அச்சத்துக்குரியவர்கள். முதிரை மரக்குற்றி ஏற்றுவதற்கும், ஆற்றுமணல் அள்ளுவதற்கும், மான், மரை வேட்டையாடிய இறைச்சியைக் கடத்துவதற்கும் அவர்களுக்குத் தேவைப்படுவது பிறருடைய பெயரில் பதிவான ஒரு வண்டியே. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி, வனக் குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் பறிமுதலுக்கு உள்ளாகும். குற்றம் செய்தவர் வேறொருவராயின், தனது வாகனம் அவ்வாறு பயன்படுத்தப்படுவதைத் தடுக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்திருந்ததாக நீதிமன்றம் திருப்தியுறும் வகையில் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். திறப்பைக் கூரையில் செருகிவிட்டு வந்தவர், தான் எடுத்த முன்னெச்சரிக்கை என்று எதைச் சொல்லப்போகிறார்? பூட்டிய சங்கிலியையும் கழற்றிய சில்லையும் கைத்தொலைபேசியில் திகதி தெரியப் படம் எடுத்து வைத்திருப்பவருக்கும், வாகனத்தை இன்ன இடத்தில் இன்ன நிலையில் விட்டுள்ளேன் என்று வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்து வைத்திருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அப்படியே எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். எழுதும்போது ஓரெழுத்துப் பிழைத்தாலும் பின்னர் பயன்படாது என்பதால், இலக்கம் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதே பட்டறைக்காரர் வழக்கம். அந்தத் தாள் வீட்டில் பதிவுப் புத்தகத்தோடு இருக்கட்டும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் செய்திருப்போர், களவுக்கோ தீக்கோ அது ஒரு சதமும் தராது என்பதை மறக்கக் கூடாது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்புகளுக்கும் அவற்றின் உதிரிப்பாகங்களுக்கும் ஏறிய விலையை அறிந்தவர் எவரும், முப்பது நாற்பது வருடப் பழைய வண்டியை யார் எடுக்கப்போகிறார்கள் என்று இன்று கேட்கமாட்டார்.

இனி, அசைய முடியாமற் செய்வது எப்படி என்பது. பற்றரியைக் கழற்றினாற் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பெற்றோல் வண்டிக்கு அது ஓரளவு பொருந்தும். தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து உள்ளே சுழலும் சிறு துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய டீசல் ஜீப்பை நான்குபேர் தள்ளினால் பற்றரி இல்லாமலே எஞ்சின் எடுத்துவிடும். ஆகவே டீசல் வண்டிக்கு நான் சொல்வது, முன்சில்லுகள் இரண்டையும் கழற்றி ஊருக்குக் கொண்டுவந்து, அச்சை மரக்குற்றியில் இருத்துவது. வண்டியின் பாரம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தி ரயர் பழுதாவதும் இதனால் தவிர்க்கப்படும். குற்றி பாலை அல்லது வீரையாக இருக்க வேண்டும். மெல்லிய மரத்தைக் கறையான் தின்று வண்டி ஒரு பக்கம் சரிந்துவிடும். துளையுள்ள சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். பாரத்தில் அது சொல்லாமற் கொள்ளாமல் வெடிக்கும், கீழே குனிந்திருப்பவரின் தலை போகும்.

லேண்ட்மாஸ்டரின் விடயம் வேறு. அதைக் களவெடுப்பவன் முழு வண்டியையும் உருட்டிக்கொண்டு போவதில்லை. நாலைந்து புரியாணிகளைக் கழற்றி எஞ்சினை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறான். நீர் இறைக்கவும் நெற்குத்தவும் அது உதவும். கைப்பிடியில் மட்டும் சங்கிலி போட்டுவிட்டு நிம்மதியாக வருவோரைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கும். சங்கிலி எஞ்சினின் அடித்தளத்துக்குள்ளால் நுழைந்து, சட்டகத்தையும் சேர்த்துச் சுற்றி, உயிருள்ள ஒரு மரத்தின் அடியைப் பற்றியிருக்க வேண்டும். அது தரையில் தொய்ந்து கிடக்கவும் கூடாது. தரையில் கிடக்கும் சங்கிலியைக் கல்லொன்றின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் உடைந்துவிடும். முழங்காலுக்கு மேல் இறுக்கமாகச் சுற்றிய சங்கிலிக்கு அடிக்கத் தளம் கிடையாது. எஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டிக்கு ஓடும் பெல்ட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்தால் ஓர் இரவுப் பாவனைக்காரனும் ஏமாறுவான். ஆமைப்பூட்டுக்கு ஒரு சிறு கவனம்: பழைய ரியூப்பிலிருந்து உள்ளங்கையளவு துண்டு வெட்டிப் பூட்டின்மேல் தொங்கவிட்டால் மழைநீர் திறப்புத் துளைக்குள் இறங்காது. நல்ல பூட்டுகளைக் கள்வர் உடைத்ததைவிடத் துருப்பிடித்ததால் உரிமையாளரே வாளால் அறுத்ததே எங்கள் பகுதியில் அதிகம்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் எமது மாவட்டத்தில் எந்தக் கொட்டிலைப் பற்றியும் பேச முடியாது. யானைக்கு வாகனத்தோடு கோபம் எதுவும் இல்லை. அது நெல்லையும் உப்பையும் தேடி வருகிறது. வாடியில் இருக்கும் ஒரே தகரக் கொட்டிலுக்குள் உழவு இயந்திரத்தையும், அதன் இழுவைப் பெட்டிக்குள் மிச்ச விதைநெல் மூட்டையையும், மூலையில் மாட்டுக்கான உப்பையும் சேர்த்து வைத்துப் பூட்டிவிட்டு வருகிறோம். சுவரைத் தள்ளி நெல்லை எடுக்கும்போது கூரை இயந்திரத்தின்மேல் விழுகிறது. எலியும் அதே நெல்லுக்கே வருகிறது. வந்தபின் ஜீப்பின் இருக்கைப் பஞ்சில் குட்டி போட்டு, வயர்களின் உறையைக் கடித்து, முழு வயர்த் தொகுதியையும் மாற்ற வைக்கிறது. பூச்சி உருண்டை போடுவதால் பயன் உண்டா என்று கேட்பார்கள். பக்கத்தில் நெல் இருக்கும்போது பூச்சி உருண்டைக்கு அஞ்சி ஓடிய எலியை நான் கண்டதில்லை. ஆகவே வாகனம் நிற்கும் கொட்டிலில் நெல், உப்பு, வாழைக்குலை, மாட்டுத்தீன் எதுவும் இருக்கக் கூடாது. பெட்டியின் பலகை இடுக்குகளில் சிக்கிய நெல்மணிகளைக்கூடக் கம்பியால் கிண்டிக் கூட்டித் தள்ள வேண்டும். ஜீப்பின் இருக்கைக்கு அடியில் மறந்துபோன பிஸ்கற் பைக்கும் இது பொருந்தும். சுவர் வைத்த கொட்டிலைவிட, நான்கு கப்புகளின்மேல் தகரம் போட்டு நாற்புறமும் திறந்த பந்தல் எனக்கு விருப்பம். உள்ளே ஒன்றுமில்லை என்பது யானைக்கும் தெரியும், காற்றும் ஓடும்.

காற்று ஓடுவது முக்கியம். படங்கால் இறுகச் சுற்றிக் கயிறு கட்டிய வாகனம் பார்வைக்குப் பத்திரமாகத் தெரியும். உள்ளே நிலத்தின் ஈரம் ஏறி, வெளியேற வழியின்றி இரும்பில் வியர்த்துக் கொண்டிருக்கும். வயற்சேற்றைக் கழுவாமல் நிறுத்துவதும் இதே பிழையே. சட்டகத்தின் மடிப்புகளில் காய்ந்த சேறு மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் உப்புக்காற்றும் சேர்வதால், கழுவியபின் வர்ணம் போன இடங்களிலெல்லாம் கிறீஸ் பூசிவிட வேண்டும்; கழுவுவதற்குக் கடற்கரைக் கிணற்றின் உவர்நீரைப் பாவித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வண்டியை எந்த மேட்டில் நிறுத்துவது என்பதற்குப் பழைய ஆட்களின் நினைவை நம்புங்கள். 2011 ஆம் ஆண்டு தை மாதத்திலும், 2025 நவம்பரில் டிட்வா புயலோடும் வந்த வெள்ளங்களைக் கண்டவர்கள் ஒவ்வொரு வயல்வெளியிலும் இருக்கிறார்கள். தண்ணீர் எந்த மரத்தில் எந்தக் கிளை வரைக்கும் ஏறியது என்று அவர்கள் கைகாட்டுவார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மாவட்டம் இது. மேலே மலைநாட்டில் பெய்த மழை, எமது வானம் தெளிந்தபிறகும் இங்கே வந்து சேரும். வறட்சிக் காலத்தில் வாகனத்தை விடுவோருக்குத் தண்ணீரல்ல, தீயே பயம். கச்சான் காற்று வீசும் நாட்களில் சேனைக்கு இட்ட தீயும் வைக்கோலுக்கு இட்ட தீயும் எல்லை தாண்டும். பந்தலைச் சுற்றிப் புல்லைச் செருக்கி வெறுநிலம் ஆக்கி வைப்பதும், எரிபொருட் கான்களை வேறிடத்தில் வைப்பதும் போதும்.

எஞ்சின் விடயத்தில் சில வேலைகளை நிறுத்தும் நாளிலேயே செய்ய வேண்டும். பாவித்த ஒயிலில் கரியும் அமிலமும் கலந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் நிற்பது எஞ்சினுக்குக் கேடு என்பதால், ஒயில் மாற்றுவதை அறுவடைக்கு முன்னர் என்று தள்ளிப் போடாமல் நிறுத்துவதற்கு முன்னரே மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். உழவு இயந்திரத்தின் நிமிர்ந்த புகைக்குழாய்க்குள் மழைநீர் இறங்கினால் சிலிண்டர் வரைக்கும் போகும். வெறும் பால்மா ரின் ஒன்றைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டினால் மழையும் நிற்கும், குளவி மண்கூடு கட்டுவதும் நிற்கும். ஜீப்பின் சைலன்சர் வாயையும் காற்றுவடிகட்டியின் வாயையும் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட வேண்டும். திறக்கப்போவது நீங்களாக இல்லாமற் போகலாம். கைப்பிரேக்கை இழுத்து விடாதீர்கள். பிரேக் கட்டை உருளையோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாற் போதும். கிளச் தட்டும் ஈரத்தில் அவ்வாறே ஒட்டும். மிதியை முழுதாக அழுத்தி, ஒரு தடியை அளவாக வெட்டி மிதிக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் இடையே முட்டுக் கொடுத்துவிட்டால், தட்டு, எஞ்சினோடு சுழலும் பறக்கும் சில்லிலிருந்து (ஃப்ளைவீல்) விலகியே நிற்கும். ஒரு முழத் தடி செய்யும் இந்த வேலையைச் செய்யாததற்காக எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இரண்டாகப் பிரித்துத் திருத்தக் கொடுக்கும் கூலி, நான் வாங்கியவைகளுள் எனக்கே மனம் ஒப்பாத கூலி.

பற்றரியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். ஈயப் பற்றரி பாவிக்காமலே தன் சக்தியை இழக்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக இழக்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ற் அளவு காட்டுவது 12.4 க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தால் தட்டுகளில் சல்பேற் படியத் தொடங்கும். எரிபொருளைப் பொறுத்தமட்டில் நல்லதொரு முடிவு இல்லை என்பதே உண்மை. டீசல் தாங்கியில் வெற்றிடம் இருந்தால் உள்ளே நீர் வியர்த்து அடியில் இறங்கும். டீசலும் நீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, வழுவழுப்பான கசடாகி வடிகட்டியை அடைக்கும். ஆகவே நிரப்பி வைப்பதே இயந்திரத்துக்கு நன்மை. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களிடம் நிறைந்த தாங்கியைக் காட்டில் விட்டுவரச் சொல்வதுதான் எப்படி? ஜீப்பானால் நிரப்பி மூடியைப் பூட்டுங்கள். லேண்ட்மாஸ்டரானால் முழுவதையும் வடித்துக் கொண்டுவந்துவிடுங்கள், திரும்ப ஓட்டும்போது முதலில் எரிபொருள் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பெற்றோல் வண்டியின் கார்பரேற்றரில் ஒரு துளியும் தங்கக் கூடாது; காய்ந்து பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் சொல்லும் ஆலோசனைகளையும் எங்கள் ஆட்கள் இப்போது கேட்டு வருகிறார்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேட்டைக்கென்றே தூரத்து நிலம் வாங்கி, காட்டுப்பாதையில் ஓடும் நான்கு சில்லுச் சிறுவண்டியை அங்கேயே இரும்புக் கொள்கலனுக்குள் பூட்டி வைத்துவிட்டு வருவோர் இருக்கிறார்கள். எமது நாட்டில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கையில் அப்படியொரு வேட்டை நிலத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆளில்லாத தூரத்தில் வாகனத்தை விட்டுவருவது என்ற பிரச்சினை இரு பக்கத்துக்கும் ஒன்றே. அவர்களுக்குக் குளிரில் ரேடியேற்றர் நீர் உறைந்து வெடிக்கும் பயம். எங்களுக்கு அது இல்லை. கொள்கலன் களவுக்கு மிக நல்லது, யானைக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் எங்கள் வெயிலில் பகலில் சூடேறி இரவில் குளிரும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் கூரையிலிருந்து நீர் சொட்டும் என்பதால், எதிரெதிர்ப் பக்கங்களில் மேலும் கீழும் வலையடித்த காற்றுத் துளைகள் வெட்டாமல் அதை வாங்கக் கூடாது. ஜிபிஎஸ் கருவி பூட்டுவோருக்கு ஒரு வார்த்தை: கைத்தொலைபேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் அது உங்களுக்கு எதையும் சொல்லாது, பற்றரியையும் மெல்ல மெல்லக் குடித்து முடிக்கும்.

களவுக்கு அஞ்சிச் சிலர் செய்யும் இரண்டு காரியங்களைக் கண்டிக்காமல் விட முடியவில்லை. ஒன்று, கொட்டிலைச் சுற்றிக் கம்பி இழுத்து வீட்டு மின்சாரத்தை நேரே கொடுப்பது. மற்றது, வாசலுக்குக் குறுக்கே, கயிற்றில் கால் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைப்பது. இரண்டும் சட்டவிரோதமானவை. மாடு தேடி இருட்டில் வரும் அயலவரையும், விறகுக்கு வரும் பெண்ணையும், கதவைத் திறக்கும் சொந்தக்காரரையும் அவை வேறுபடுத்திப் பார்க்கப் போவதில்லை. முறையாக அமைக்கும் யானைவேலியில் ஓடுவது விட்டுவிட்டுத் துடிக்கும் மின்சாரம்; அதற்கான ஆலோசனையை வனஜீவராசிகள் திணைக்களத்திடமே கேட்க வேண்டும்.

இத்தனையும் தனியாட்கள் செய்யக்கூடியவை. அதிகாரிகளிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிக்கும் நாளும், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. பாதை கெடுமுன் வாகனங்களை வெளியே எடுக்கும் நாளொன்றையும் அதே தீர்மானங்களோடு சேர்த்தால், அயலவர் நால்வர் சேர்ந்து ஒரே நாளில் கயிறு போட்டு இழுத்தாவது வெளியே கொண்டுவந்துவிடலாம். தனித்தனியாக நினைக்கும்போதுதான் பாதை முந்திக்கொள்கிறது. கொண்டுவந்தவற்றை நிறுத்துவதற்கு, வீட்டில் இடமில்லாதவர்களுக்காக, கமநல சேவை நிலையங்களின் வளவில் கம்பிவேலியிட்ட ஒரு பகுதியைக் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் சிறு கட்டணத்துக்குத் திறந்துவிடலாம். காவலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கமக்கார அமைப்புகள் ஏற்க முன்வரும் என்றே நம்புகிறேன். அறுவடைக்கு இயந்திரமின்றி வாடகைக்கு அலையும் செலவோடு பார்க்கும்போது அது பெரிய தொகையாகாது. மாவட்டத்தின் பிரதேச செயலாளர்கள் வரப்போகும் ஆரம்பக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலில் இந்த விடயத்தைச் சேர்க்க வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.